கேட்கும் செல் எப்படி உருவாகிறது? உட்செவியில் புரதங்கள் வந்துபோகும் வரிசை

காது கேட்பதற்கான புரதத்தை விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவருகிறது. ஒவ்வொரு முறையும் அது வேறொரு புரதத்தைப் பற்றியதாக இருக்கிறது. ஒருமுறை செல்லை உருவாக்கும் புரதம், இன்னொரு முறை ஒலியின் அசைவை மின்சாரமாக மாற்றும் புரதம், பிறகு நரம்புக்குச் செய்தி அனுப்பும் புரதம். இவற்றைத் தொடர்ந்து படிப்பவர்கள், முன்பு சொன்னது தவறாகிப் போய்விட்டது போலும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அல்லது அந்தப் புரதத்தை மருந்தாகவோ உணவாகவோ உட்கொண்டால் செவித்திறன் திரும்பிவிடும் என்று நம்பத் தொடங்குகிறார்கள். இரண்டுமே சரியல்ல. உட்செவியில் ஒரு செல் கேட்கும் திறனைப் பெற வேண்டுமானால் பல புரதங்கள் உரிய இடத்தில், உரிய வரிசையில் வர வேண்டும். அவற்றில் சில தம் வேலை முடிந்ததும் விலகிக்கொள்ளவும் வேண்டும். எந்தப் புரதம் என்பதோடு எப்போது, எங்கே என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்தச் செய்திகள் பொருள்படும்.

எந்தச் செல்லைப் பற்றிய பேச்சு இது?

வெளியிலிருந்து வரும் ஒலி செவிப்பறையை அதிரச் செய்கிறது. அந்த அதிர்வை நடுச்செவியின் மூன்று சிற்றெலும்புகள் உட்செவிக்குக் கடத்துகின்றன. உட்செவியில் நத்தை ஓட்டைப் போலச் சுருண்டு, திரவம் நிறைந்திருக்கும் உறுப்புக்குக் காக்லியா என்று பெயர். அதன் உள்ளே நெடுக ஓடும் மெல்லிய சவ்வின்மீது வரிசை வரிசையாக அமர்ந்திருப்பவைதான் மயிரிழைச் செல்கள். பெயரில் மயிர் இருந்தாலும் தலைமுடிக்கும் இவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. செல்லின் மேற்பரப்பிலிருந்து நீளும் நுண்ணிய விரல் போன்ற நீட்சிகளையே இங்கே மயிரிழைகள் என்கிறார்கள்.

மனிதக் காக்லியா ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் கோடிக்கணக்கில் இருப்பதோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய கையிருப்பு. இவை அனைத்தும் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. அதன்பின் இறந்துபோகும் செல்லுக்கு மாற்றாகப் புதிய செல் தோன்றுவதில்லை. காக்லியாவை ஒட்டியுள்ள சமநிலை உறுப்புகளிலும் மயிரிழைச் செல்கள் உண்டு. தலை சாய்வதையும் திரும்புவதையும் அவை உணர்கின்றன. இக்கட்டுரையின் முதன்மைப் பொருள் காக்லியாவின் செல்கள்தான் என்றாலும், சமநிலை உறுப்பின் செல்கள் ஓரிடத்தில் நமக்கு முக்கியமான சான்று ஒன்றைத் தரவிருக்கின்றன.

செல்லுக்குள் புரதம் என்பது என்ன?

உணவில் உள்ள புரதம் வயிற்றிலும் குடலிலும் அமினோ அமிலங்களாகச் சிதைக்கப்பட்டுத்தான் உடலுக்குள் சேர்கிறது. எனவே எந்தப் புரதத்தைச் சாப்பிட்டாலும் அது அதே வடிவில் காதுக்குப் போய்ச் சேராது. காதில் வேலை செய்யும் புரதங்களை அங்குள்ள செல்களே தமக்குள் தயாரித்துக்கொள்கின்றன. அவற்றைத் தயாரிப்பதற்கான குறிப்புக்கு மரபணு என்று பெயர். உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் ஒரே குறிப்புத் தொகுதிதான் இருக்கிறது. அதில் எந்தெந்தப் பக்கங்கள் திறந்து படிக்கப்படுகின்றன என்பதில்தான் ஒரு செல் தோல்செல்லாவதும் கேட்கும் செல்லாவதும் அடங்கியிருக்கிறது.

ஒரு வீடு எழும்பும் விதத்தை நினைத்துக்கொண்டால் இந்தப் புரதங்களின் பங்கு விளங்கும். வேலையை ஒப்புக்கொண்டு, யார் எப்போது வர வேண்டும் என்று சொல்கிற மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கிறார். கொத்தனார் வருகிறார், சாரம் கட்டப்படுகிறது, சுவர் எழுந்தபின் சாரம் பிரிக்கப்படுகிறது. சுவரே இல்லாதபோது மின்பணியாளர் வந்து பயனில்லை. பூச்சு வேலை முடிந்தபின் அவர் வந்தால் சுவரை உடைக்க வேண்டும். கட்டி முடித்தவுடன் மேற்பார்வையாளர் போய்விடுகிறார். ஆனால் செங்கல்லும் கம்பியும் விளக்கும் வீடு உள்ளவரை இருக்கின்றன. வளரும் உட்செவியின் புரதங்களிலும் இப்படிக் கட்டளையிடுபவை, தற்காலிகமாகத் தாங்குபவை, நிரந்தரமாகத் தங்குபவை என்ற வேறுபாடு இருக்கிறது.

சுருங்கச் சொன்னால், புரதங்கள் செல்லுக்குள்ளேயே தயாராகும் வேலையாட்களும் பொருள்களும் ஆகும். எவை எப்போது தயாராகின்றன என்பதே செல்லின் வடிவையும் திறனையும் தீர்மானிக்கிறது.

யார் மயிரிழைச் செல், யார் துணைச் செல்?

மனிதக் கருவில் நான்காவது வார அளவில், தலையின் இரு பக்கத்திலும் மேல்தோல் சற்றுத் தடித்து, உள்நோக்கிக் குழிந்து, ஒரு சிறு பையாகப் பிரிகிறது. உட்செவி முழுவதும் இந்தப் பையிலிருந்துதான் உருவாகிறது. பையின் சில பகுதிகளில் சாக்ஸ்2 என்ற புரதம் தோன்றுகிறது. அது தோன்றும் பகுதி, உணர்வுச் செல்கள் வருவதற்கென ஒதுக்கப்பட்ட நிலம் ஆகிறது.

அடுத்து நடப்பது பலரும் எதிர்பாராதது. மயிரிழைச் செல்கள் உருவாவதற்கு முன்பே அந்த நிலத்தின் செல்கள் பெருகுவதை நிறுத்திவிடுகின்றன. பி27 என்ற புரதம் செல் பிரிவதற்குத் தடை போடுகிறது. எலிக்கருவில் இந்தத் தடை காக்லியாச் சுருளின் உச்சியில் தொடங்கி அடிப்பகுதியை நோக்கிப் பரவுகிறது. மயிரிழைச் செல்கள் உருவாவதோ ஏறக்குறைய அதற்கு எதிர்த்திசையில், அடிப்பகுதியை ஒட்டித் தொடங்கி உச்சியை நோக்கிச் செல்கிறது. வயதான பிறகு செல்கள் ஏன் மீண்டும் வளர்வதில்லை என்று கேட்பவர்களுக்கு விடையின் ஒரு பகுதி இங்கேயே இருக்கிறது. பெருகும் வழி கருவிலேயே அடைக்கப்பட்டுவிடுகிறது.

இப்போது மேற்பார்வையாளர் வருகிறார். அவர் பெயர் ஏட்டோ1. மரபணுக்களின் மீது அமர்ந்து எவற்றைப் படிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் புரதங்களைப் படியெடுப்புக் காரணிகள் என்பார்கள். ஏட்டோ1 அவ்வகையைச் சேர்ந்தது. இது இல்லாத எலிகளின் உட்செவியில் மயிரிழைச் செல்களே உருவாவதில்லை என்று 1999-இல் வெளியான ஆய்வு காட்டியது. பழ ஈயில் இதற்கு இணையான மரபணு ஒன்று உண்டு. ஈ தன் உணர்கொம்பில் கொண்டுள்ள செவியுறுப்பு உருவாவதற்கு அது தேவைப்படுகிறது. பூச்சிக்கும் பாலூட்டிக்கும் இடையே இவ்வளவு தொலைவு இருந்தும், கேட்கும் செல்லைத் தொடங்கிவைக்கும் பொறுப்பு ஒரே குடும்பத்துப் புரதத்திடம் இருப்பது என்னை எப்போதும் வியக்கவைக்கும் செய்தி.

ஆனால் நிலத்தில் உள்ள எல்லாச் செல்களும் மயிரிழைச் செல்களாகிவிட்டால் அவற்றைத் தாங்கிப் பிடிக்க யாரும் இருக்க மாட்டார்கள். அதைத் தடுக்கும் ஏற்பாட்டைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். தொடக்கத்தில் பக்கத்துப் பக்கத்துச் செல்களில் ஏட்டோ1 ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கிறது. ஒன்றில் அது சற்றே கூடும்போது, அந்தச் செல் தன் மேற்பரப்பில் டெல்டா வகைப் புரதங்களை அதிகமாக நீட்டுகிறது. தொட்டுக்கொண்டிருக்கும் அண்டைச் செல்லின் மேற்பரப்பில் நாட்ச் என்ற ஏற்பிப் புரதம் இருக்கிறது. டெல்டா அதைப் பற்றியதும் நாட்சின் உட்பகுதி அறுபட்டு, அண்டைச் செல்லின் உட்கருவுக்குள் சென்று, அங்கே ஏட்டோ1 தயாராவதை அடக்குகிறது. அடக்கப்பட்ட செல் துணைச் செல்லாகிறது. சிறிய வேறுபாடு இப்படித் தன்னைத்தானே பெரிதாக்கிக்கொண்டு, ஒரு மயிரிழைச் செல்லைச் சுற்றித் துணைச் செல்கள் என்ற ஒழுங்கான அமைப்பை உருவாக்குகிறது. முடிவில் காக்லியாவின் நீளம் நெடுக ஒரு வரிசை உட்புற மயிரிழைச் செல்களும் மூன்று வரிசை வெளிப்புற மயிரிழைச் செல்களும் நிற்கின்றன. வளரும் காக்லியாவில் நாட்சைத் தடுத்தால் துணைச் செல்களாக வேண்டியவை கூடுதல் மயிரிழைச் செல்களாக மாறுகின்றன என்று ஆய்வகங்கள் பலமுறை கண்டிருக்கின்றன.

ஏட்டோ1 தொடங்கிவைத்த வேலையை வேறு காரணிகள் ஏற்றுக்கொள்கின்றன. பௌ4எஃப்3 என்ற புரதம் உருவான செல்லை உயிருடன் காக்கிறது; அதில் பிழை உள்ளவர்கள் பிறக்கும்போது கேட்கும் திறனுடன் இருந்து, பின்னர் படிப்படியாக அதை இழக்கிறார்கள். எலியில் ஏட்டோ1 பிறந்த சில நாட்களிலேயே மறைந்துவிடுகிறது.

இதுவரை பார்த்தது இடம் ஒதுக்குதல், பெருக்கத்தை நிறுத்துதல், பங்கு பிரித்தல் ஆகியவை. இந்தக் கட்டத்தில் மயிரிழைச் செல் இருக்கிறது. ஆனால் அதற்கு இன்னும் எதுவும் கேட்காது.

மயிரிழைகள் எழும்புதல்

புதிய மயிரிழைச் செல்லின் மேற்பரப்பில் முதலில் ஒரே உயரமுள்ள குட்டையான நீட்சிகள் பரவிக் கிடக்கின்றன. நடுவில் கைனோசிலியம் என்ற தனி இழை ஒன்று நிற்கிறது. அது மெல்ல ஓரத்துக்கு நகர்கிறது. எந்த ஓரத்துக்கு நகர்கிறதோ அதை ஒட்டிய நீட்சிகள் மிக உயரமாகவும், விலகிய வரிசைகள் படிப்படியாகக் குட்டையாகவும் வளர்கின்றன. திசை மாறினால் அசைவைத் தவறாக உணர நேரிடும் என்பதால், பக்கத்துச் செல்கள் எல்லாம் ஒரே திசையில் திரும்பி நிற்பதை வேங்கிள்2 முதலான தனிப் புரதங்கள் உறுதிசெய்கின்றன. பணி முடிந்ததும் காக்லியாச் செல்களில் கைனோசிலியம் மறைந்துவிடுகிறது. வீடு கட்டுவதில் சாரத்துக்கு உள்ள இடமே இங்கே அதற்கு.

ஒவ்வொரு மயிரிழையின் உள்ளும் ஆக்டின் என்ற புரதத்தின் இழைகள் நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. எஸ்பின் போன்ற புரதங்கள் அவற்றைக் குறுக்கே பிணைத்து விறைப்பாக்குகின்றன. இழை எவ்வளவு உயரம் வளர வேண்டும் என்பதை அதன் நுனிக்கு வந்துசேரும் புரதங்கள் முடிவு செய்கின்றன. மயோசின்-15 என்ற இயக்குபுரதம் ஆக்டின்மீது நடந்து விர்லின், எப்ஸ்8 ஆகியவற்றை நுனிக்குச் சுமந்து செல்கிறது. மயோசின்-15 பழுதானால் மயிரிழைகள் வளராமல் குட்டையாகவே நின்றுவிடுகின்றன. அத்தகைய எலிகளும் மனிதர்களும் பிறவியிலேயே செவித்திறன் இழந்தவர்கள். வளர்ந்து முடிந்த இழையின் உடல்பகுதியில் உள்ள ஆக்டின், எலிகளில் மாதக்கணக்கில் புதுப்பிக்கப்படாமலே இருப்பதாகவும், நுனியில் மட்டுமே விரைவான மாற்றம் நிகழ்வதாகவும் 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது.

அசைவு மின்சாரமாகும் இடம்

1970-களின் இறுதியில் ஜேம்ஸ் ஹட்ஸ்பெத்தும் டேவிட் கோரேயும் தவளையின் உட்செவியிலிருந்து எடுத்த மயிரிழைச் செல்களை நுண்ணிய கண்ணாடி ஊசியால் அசைத்து, அப்போது செல்லுக்குள் எழும் மின்மாற்றத்தை அளந்தார்கள். உயரமான இழையின் பக்கம் சாய்த்தால் மின்னோட்டம் கூடியது. எதிர்ப்பக்கம் சாய்த்தால் குறைந்தது. அது எழுந்த வேகம் மிக முக்கியமான தடயம். மின்னூட்டம் கொண்ட அணுக்களான அயனிகள் செல்லுக்குள் நுழையும் வாயில்கள், ஒரு வினாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் திறந்தன. இடையில் வேதிவினைகளின் சங்கிலி ஏதாவது இருந்திருந்தால் இவ்வளவு விரைவு வந்திருக்காது. எனவே இழுவிசையே வாயிலை நேரடியாகத் திறக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

எது இழுக்கிறது? 1984-இல் ஜேம்ஸ் பிக்கிள்ஸும் உடன்பணியாற்றியவர்களும் மின்னணு நுண்ணோக்கியில் அதைக் கண்டார்கள். ஒவ்வொரு குட்டை இழையின் நுனியிலிருந்தும் அடுத்த உயரமான இழையின் பக்கவாட்டுக்குச் சாய்வாக ஒரு மிக மெல்லிய நூல் செல்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 150 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் இத்தகைய நூல்கள் ஆறாயிரத்துக்கு மேல் வரிசையாக அடங்கும். இதற்கு நுனி இணைப்பு என்று பெயர். இந்த நூலின் மேற்பாதி காட்ஹெரின்-23, கீழ்ப்பாதி புரோட்டோகாட்ஹெரின்-15 என்பது 2007-இல் தெளிவானது. ஒவ்வொரு பாதியும் இரட்டை இழையாக இருந்து, நடுவே நுனியோடு நுனி பொருந்திப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடி கால்சியம் அயனி இருக்கும்வரைதான் நிற்கும். ஆய்வகத்தில் கால்சியத்தை நீக்கினால் நூல் அறுந்துவிடுகிறது. திருப்பிக் கொடுத்தால் ஓரிரு நாட்களில் மீண்டும் உருவாகிறது. செல் இறந்தால் மீட்சி இல்லை என்றாலும், அதன் உள்ளுறுப்புகளில் சிலவற்றுக்குச் செப்பனிடும் வழி இருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

இவ்விரு காட்ஹெரின்களோ மயோசின்-7ஏ என்ற புரதமோ முற்றாகப் பழுதுபட்டால் அஷர் நோய்த்தொகுதியின் முதல் வகை வருகிறது. குழந்தை செவித்திறனின்றிப் பிறக்கிறது, சமநிலை பாதிக்கப்படுகிறது, பின்னர் பார்வையும் மங்குகிறது. விழித்திரையும் அதே புரதங்களைப் பயன்படுத்துவதே காரணம்.

நூலின் கீழ்முனையில் இருக்கும் வாயில் எந்தப் புரதம் என்பதற்கு விடை காண இன்னும் நீண்ட காலம் பிடித்தது. பரம்பரைச் செவித்திறன் இழப்புள்ள குடும்பங்களை ஆராய்ந்தபோது 2002-இல் டிஎம்சி1 மரபணு அடையாளம் காணப்பட்டது. அதன் புரதமே அயனிகள் நுழையும் துளையை அமைக்கிறது என்பதற்கான வலுவான சான்றுகள் 2018-இல் வந்தன. நூல் இழுக்கப்பட்டதும் துளை திறக்கிறது. மயிரிழைகளைச் சூழ்ந்துள்ள திரவத்தில் பொட்டாசியம் அயனிகள் மிகுதியாக இருப்பதாலும், அது ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் நேர்மின்னழுத்தத்தில் இருப்பதாலும், அயனிகள் செல்லுக்குள் பாய்கின்றன. அசைவு இவ்வாறு மின்சைகையாகிறது.

வரிசை முக்கியம் என்பதற்கான மிகத் தெளிவான சான்றை நான் இங்கேதான் காண்கிறேன். டிஎம்சி1-க்கு டிஎம்சி2 என்ற நெருங்கிய உறவுப் புரதம் உண்டு. எலி பிறந்தவுடன் அதற்குக் காது கேட்காது. ஏறத்தாழ 12 நாட்களுக்குப் பிறகே கேட்கத் தொடங்கும். அந்த முதல் நாட்களில் காக்லியாவின் வாயிலாக இருப்பது பெரும்பாலும் டிஎம்சி2. முதல் வாரத்தில் டிஎம்சி1 பெருக, டிஎம்சி2 குறைந்து மறைகிறது. டிஎம்சி1 மட்டும் இல்லாத எலியின் மயிரிழைச் செல்களைப் பிறந்த சில நாட்களில் சோதித்தால் மின்னோட்டம் சரியாகவே இருக்கும். ஆனால் டிஎம்சி2 விலகியதும் ஏற்றுக்கொள்ள ஆளின்றி அந்த எலி செவித்திறனை இழக்கும். அதே எலி தடுமாறாமல் நடக்கும். ஏனெனில் சமநிலை உறுப்பின் செல்களில் டிஎம்சி2 விலகாமல் தங்கிவிடுகிறது. ஒரே விலங்கு, ஒரே மரபணுப் பிழை. இடமும் காலமும் மாறியதால் விளைவும் மாறுகிறது.

இதுவரையிலான நிலை: காட்ஹெரின்களால் ஆன நூல் இழுக்கிறது, டிஎம்சி வாயில் திறக்கிறது, பொட்டாசியம் நுழைகிறது. இனி அந்த மின்சைகையை இரு வகைச் செல்கள் இரு விதமாகப் பயன்படுத்துகின்றன.

வெளிப்புறமும் உட்புறமும்

வெளிப்புற மயிரிழைச் செல்கள் மின்னழுத்தம் மாறும்போது நீண்டு குறுகுகின்றன. இதை 1985-இல் வில்லியம் பிரவுனெல் குழுவினர் வெளியிட்டார்கள். அதற்குக் காரணமான பிரெஸ்டின் என்ற புரதம் 2000-இல் கண்டறியப்பட்டது. செல்லின் பக்கச்சுவரில் நெருக்கமாகப் பதிந்திருக்கும் பிரெஸ்டின், மெல்லிய ஒலியின் அதிர்வைக் காக்லியாவுக்குள்ளேயே பெருக்குகிறது.

மூளைக்குச் செய்தி அனுப்புவது பெரும்பாலும் உட்புறச் செல்களின் பொறுப்பு. அவற்றின் அடியில் குளூட்டமேட் என்ற நரம்புக் கடத்தியை நிரப்பிய நுண்பைகள் காத்திருக்கின்றன. மின்சைகை வந்ததும் கால்சியம் நுழைகிறது. ஓட்டோஃபெர்லின் என்ற புரதம் அதை உணர்ந்து நுண்பைகளைத் திறக்கச் செய்கிறது.

பரம்பரைச் செவித்திறன் இழப்பு என்றாலே மயிரிழைச் செல்லில்தான் பழுது என்று கருதுவதும் பரவலான தவறு. உலகின் பல பகுதிகளில் பிறவிச் செவித்திறன் இழப்புக்கு மிக அதிகமாகக் காரணமாகும் கனெக்சின்-26 மயிரிழைச் செல்லில் இருப்பதே இல்லை. அது துணைச் செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் நுண்வழிகளை அமைக்கிறது; அது இல்லாவிட்டால் காக்லியா சரிவர முதிர்வதில்லை.

இன்று எது முடிகிறது, எது முடியவில்லை?

ஏட்டோ1-ஐச் செலுத்தினால் மயிரிழைச் செல்கள் மீண்டும் முளைக்கும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை உண்டு. பிறந்த எலிக்குட்டிகளின் உட்செவித் திசுவில் அப்படிக் கூடுதல் செல்களை உருவாக்கியதாக 2000-இல் ஆய்வு வெளியானது. பறவைகளும் மீன்களும் இழந்த மயிரிழைச் செல்களைத் தாமாகவே மீட்டுக்கொள்கின்றன. அங்கே துணைச் செல்களே புதிய மயிரிழைச் செல்களுக்கு மூலமாகின்றன. ஆனால் முதிர்ந்த பாலூட்டியின் காக்லியாவில் அந்த ஒற்றைக் கட்டளைக்குத் துணைச் செல்கள் பெரும்பாலும் செவிசாய்ப்பதில்லை. சில மாறினாலும் முழுமையான மயிரிழைகளும் நரம்பிணைப்பும் கொண்ட செல்லாக முதிர்வதில்லை. காரணம் இப்போது ஊகிக்கக்கூடியதே. ஏட்டோ1 வருவதற்கு முன்பும் பின்பும் கருவில் நடந்த அத்தனை நிகழ்வுகளும் இப்போது அங்கே இல்லை.

ஓட்டோஃபெர்லின் குறைபாட்டின் நிலை வேறு. அக்குழந்தைகளின் மயிரிழைச் செல்கள் உருவாகி, வரிசையாக நின்று, ஒலியை மின்சைகையாக்கவும் செய்கின்றன. நரம்புக்கு அனுப்பும் கடைசிப் படி மட்டும் இல்லை. வீடு முழுமையாக நிற்கும்போது விடுபட்ட ஒரே வேலையைப் பிறகு செய்துகொள்ள முடியும் என்பதால் மரபணுச் சிகிச்சை முதலில் பலித்தது இங்கேதான். மரபணுவைச் சுமந்து செல்லப் பயன்படும் சிறிய வைரஸில் இந்த நீண்ட மரபணு அடங்காததால் அதை இரண்டு பாதிகளாகப் பிரித்து, இரு வைரஸ்களில் ஏற்றிக் காக்லியாவுக்குள் செலுத்துகிறார்கள். ஷாங்காயில் உள்ள ஃபூடான் பல்கலைக்கழக மருத்துவமனையில் இச்சிகிச்சை பெற்ற 6 குழந்தைகளில் 5 பேர் கேட்கும் திறன் பெற்றதாக 2024-இல் அறிக்கை வெளியானது. கருவிலேயே மயிரிழைகள் வளராமல் போன குறைபாடுகளுக்கு இதே வழியை அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. அங்கே செல்லின் அமைப்பே உருக்குலைந்திருக்கிறது.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய ஒன்றும் இதிலிருந்து கிடைக்கிறது. பிறந்த குழந்தைகளின் செவித்திறனைப் பரிசோதிக்கப் பல இடங்களில் காதுக்குள் சிறு ஒலியை அனுப்பி, வெளிப்புற மயிரிழைச் செல்கள் திருப்பி எழுப்பும் மெல்லிய எதிரொலியைப் பதிவு செய்கிறார்கள். ஓட்டோஃபெர்லின் இல்லாத குழந்தையிடம் பிரெஸ்டின் குறைவின்றி வேலை செய்வதால், அந்தப் பரிசோதனையில் தொடக்கத்தில் அது தேறிவிடக்கூடும். காதிலிருந்து மூளைத்தண்டுவரை நரம்பில் செய்தி செல்கிறதா என்று தலையில் மின்முனைகளை ஒட்டிப் பார்க்கும் பரிசோதனைதான் குறையை வெளிக்காட்டும். முதல் பரிசோதனையில் தேறிய குழந்தை ஒலிக்குத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று தோன்றினால், இந்த இரண்டாவது பரிசோதனையையும் மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.